பெர்த்ல டீச்சர் ரெஜிஸ்ட்ரேஷன் வாங்குறது எப்படி: நம்ம ஊர் பி.எட். வச்சிருக்கவங்களுக்கு

தமிழ்நாட்டுல டிகிரி, பி.எட். முடிச்சு ஸ்கூல்ல பாடம் எடுத்துட்டு, இப்ப மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு வந்துட்ட இல்ல வரப்போற டீச்சர்களுக்காக இதை எழுதுறேன். நான் மதுரைப் பக்கம் கணக்கு டீச்சரா இருந்துட்டு இங்க வந்து இந்த ரெஜிஸ்ட்ரேஷனுக்காக ரொம்பவே அலைஞ்சேன், ஒவ்வொரு பேப்பருக்கும் ஊருக்கு போன் போட்டு, தம்பியை காலேஜுக்கும் யூனிவர்சிட்டிக்கும் ஓட விட்டு, கடைசியில வாங்கிட்டேன், ஆனா அந்த அலைச்சல்ல பாதிக்கு மேல விமானம் ஏறுறதுக்கு முன்னாடியே தவிர்த்திருக்கக் கூடியது. உங்களுக்கு அது வரக்கூடாதுன்னுதான் இவ்வளவு நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

ஒண்ணு மட்டும் ஆரம்பத்துலயே சொல்லிடுறேன். இங்க உங்களை நேர்ல பார்த்து, பாடம் எடுக்கச் சொல்லி, நல்ல டீச்சர்னு யாரும் முடிவு பண்ணப் போறதில்ல. நீங்க அனுப்புற பேப்பர்தான் உங்களுக்காகப் பேசும். அதனால பக்கத்துல நீங்க நின்னு விளக்கம் சொல்லத் தேவையே இல்லாத அளவுக்கு ஒவ்வொரு பேப்பரும் தெளிவா இருக்கணும்.

1. போர்டு எது, அதுல இருக்க மெம்பர்கள் யாரு

ஆஸ்திரேலியாவுல நாடு முழுக்க ஒரே டீச்சர் ரெஜிஸ்ட்ரேஷன் கிடையாது. ஆறு மாநிலம், ரெண்டு டெரிட்டரி, எட்டுக்கும் எட்டு தனி அமைப்பு. விக்டோரியாவுல ஒரு இன்ஸ்டிட்யூட், குயின்ஸ்லாந்துல ஒரு காலேஜ், நார்தர்ன் டெரிட்டரில ஒரு போர்டு, இப்படி பேரும் விதியும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். பெர்த்ல இருக்கவங்களுக்கு டீச்சர் ரெஜிஸ்ட்ரேஷன் போர்டு ஆஃப் வெஸ்டர்ன் ஆஸ்திரேலியா. 2012ல வந்த டீச்சர் ரெஜிஸ்ட்ரேஷன் சட்டப்படி நடக்குது. மெல்போர்ன்ல இருக்க அக்கா சொன்னது, பிரிஸ்பேன்ல இருக்க ஃப்ரெண்டு சொன்னது எல்லாத்தையும் அப்படியே இங்க பொருத்திப் பார்க்காதீங்க.

இந்த போர்டுல 7 மெம்பர்கள், மாநிலக் கல்வி அமைச்சர் நியமிக்கிறவங்க. நிறைய பேர் நினைக்கிற மாதிரி அவங்க ஏழு பேரும் மேஜையைச் சுத்தி உக்காந்து உங்க மார்க் ஷீட்டை புரட்டிப் பார்க்கிறதில்ல. தினசரி வர்ற விண்ணப்பத்தை சரிபார்க்கிறது போர்டோட ஆபீஸ் ஊழியர்கள். மெம்பர்களோட வேலை பெரிய முடிவுகள்ல வரும்: ரெஜிஸ்ட்ரேஷனுக்கு என்ன கொள்கை, எந்த யூனிவர்சிட்டி டீச்சர் கோர்ஸுக்கு அங்கீகாரம், ஒரு டீச்சர் மேல புகார் வந்தா என்ன நடவடிக்கை, இந்த மாதிரி. ஒழுங்கு விஷயத்துக்கு ஒரு கமிட்டி, உடல்நிலை காரணமா பாடம் எடுக்க முடியுமாங்கிற விஷயத்துக்கு ஒரு கமிட்டின்னு தனித்தனியா இருக்கு, ரொம்ப தீவிரமான புகார் ஸ்டேட் அட்மினிஸ்ட்ரேட்டிவ் ட்ரிப்யூனலுக்குப் போகும்.

இதை ஏன் இவ்வளவு சொல்றேன்னா, "எனக்கு போர்டுல ஆள் தெரியும், மெம்பர்கிட்ட பேசி சீக்கிரம் முடிச்சுத் தரேன்"னு யாராவது காசு கேட்டா ஒரு டாலர் கூட கொடுக்காதீங்க. அப்படி ஒரு வழியே இல்ல. மெம்பர்கள் பேரு போர்டு வெப்சைட்ல எல்லாரும் பார்க்கிற மாதிரிதான் இருக்கும், அதைக் காட்டி பழக்கம் இருக்கிற மாதிரி பேசுறது ரொம்ப ஈஸி. அவங்களுக்கு தனியா மெயில் போடுறதும் வேண்டாம், எந்தக் கேள்வியா இருந்தாலும் போர்டு ஆபீஸுக்கே எழுதுங்க.

இன்னொண்ணு, நம்ம ஊர் டிஆர்பி பரீட்சை வச்சு வேலைக்கு ஆள் எடுக்கும். இந்த போர்டு வேலை கொடுக்காது. பாடம் எடுக்க அனுமதி மட்டும்தான் கொடுக்கும், வேலையை நீங்கதான் தேடணும். டெட் பாஸ் பண்ணினது, டிஆர்பி ரேங்க் வாங்கினது எல்லாம் பெருமையான விஷயம்தான், ஆனா இங்க அதை தகுதியா எடுத்துக்க மாட்டாங்க.

2. எய்ட்சல் அசெஸ்மென்ட் வேற, போர்டு ரெஜிஸ்ட்ரேஷன் வேற

அதிகம் பேர் சிக்குற இடம் இது. பி.ஆர். விசாவுக்காக, அதாவது இங்க நிரந்தரமா குடியேற, எய்ட்சல்னு ஒரு தேசிய அமைப்புகிட்ட ஸ்கில் அசெஸ்மென்ட் வாங்குவோம். பாசிட்டிவ்னு லெட்டர் வந்ததும், சரி இனிமே நான் ஆஸ்திரேலியாவுல டீச்சர்னு நினைச்சு நிம்மதியா வந்து இறங்குறாங்க. அந்த லெட்டர் இமிக்ரேஷனுக்கு. அதை வச்சு ஒரு கிளாஸ் கூட எடுக்க முடியாது. மாநில போர்டுக்கு தனியா விண்ணப்பம், தனியா ஃபீஸ், தனியா போலீஸ் செக்.

நல்ல சேதி என்னன்னா ரெண்டு பேரும் கேக்கிற பேப்பர்ல நிறைய பொது. எய்ட்சலுக்கு குறைஞ்சது நாலு வருஷ உயர்கல்வி வேணும், அதுல டீச்சர் ட்ரெய்னிங் டிகிரி லெவல்ல ஒரு வருஷமாவது இருக்கணும், ஸ்கூல்ல மேற்பார்வையோட பாடம் எடுத்த பயிற்சி 45 நாளாவது இருக்கணும். நம்ம மூணு வருஷ பி.எஸ்சி. இல்ல பி.ஏ., அதோட பழைய ஒரு வருஷ பி.எட். சேர்த்தா நாலு வருஷம் வந்துடும். 2015லருந்து பி.எட். ரெண்டு வருஷம் ஆனதால புதுசா படிச்சவங்களுக்கு அஞ்சு. வெறும் டி.டி.எட். டிப்ளமோ மட்டும் வச்சிருக்கவங்களுக்கு இது போதாது, எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும், அதனால அவங்க விசா செலவு பண்றதுக்கு முன்னாடியே நல்லா யோசிச்சுக்கோங்க. டிப்ளமோவோட பி.எட்.டும் இருந்தா அந்த பி.எட்.டை முன்னாடி வைங்க.

எய்ட்சலுக்கு அனுப்பின ஒவ்வொரு பேப்பரோட ஸ்கேனையும் நல்ல தெளிவா, கலர்ல, ஒரு ஃபோல்டர்ல வச்சுக்கோங்க. எஜென்ட் மூலமா பண்ணியிருந்தா அவங்ககிட்ட இருக்க ஒரிஜினலையும் ஸ்கேனையும் வாங்கிட்டுத்தான் கணக்கை முடிக்கணும்.

3. எந்த வகைக்கு விண்ணப்பிக்கணும்

மேற்கு ஆஸ்திரேலியா போர்டுல நாலு வகை இருக்கு.

ஃபுல் ரெஜிஸ்ட்ரேஷன் 5 வருஷம். ப்ரொவிஷனல் 3 வருஷம். லிமிடெட் அதிகபட்சம் 3 வருஷம். நான்-ப்ராக்டிசிங் 5 வருஷம், அது பாடம் எடுக்காம பேரை மட்டும் வச்சிருக்கவங்களுக்கு, நமக்கு இப்ப தேவையில்ல.

வெளிநாட்டுல இருந்து வர்றவங்க பெரும்பாலும் ப்ரொவிஷனல்லதான் ஆரம்பிப்பாங்க. பதினஞ்சு வருஷம் ப்ளஸ் டூ கிளாஸ் எடுத்தவங்களுக்கு இது மனசுக்கு கஷ்டமாத்தான் இருக்கும், எனக்கும் இருந்துச்சு. ஆனா ப்ரொவிஷனல்னா கம்மியான டீச்சர்னு அர்த்தமில்ல, வேலைக்கு எடுக்கும்போது அதே கிளாஸ், அதே பொறுப்புதான். ஆஸ்திரேலிய டீச்சர் ஸ்டாண்டர்ட்ஸ்னு ஒண்ணு இருக்கு, மொத்தம் 7 ஸ்டாண்டர்ட், அதுக்குள்ள 37 கூறு, நாலு படி. ப்ரொவிஷனலுக்கு முதல் படியான கிராஜுவேட், ஃபுல்லுக்கு ரெண்டாவது படியான ப்ரொஃபிஷியன்ட். அந்த ரெண்டாவது படிக்கு இங்கத்த ஸ்கூல்ல வேலை பார்த்து சான்று காட்டணும்.

லிமிடெட்டுக்கு நீங்களா போய் நிக்க முடியாது. ஒரு ஸ்கூல் உங்களுக்கு வேலை தர முன்வந்து, அந்த இடத்துக்கு ரெஜிஸ்டர் ஆன தகுந்த டீச்சர் கிடைக்கலைன்னு காரணத்தோட வரணும். படிப்பு கொஞ்சம் குறையுது ஆனா ஒரு பாடத்துல நல்ல நிபுணத்துவம் இருக்குன்னா இந்த வழி இருக்குன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க, கிம்பர்லி, பில்பரா மாதிரி தூரத்துப் பகுதிகள்ல ஆள் கிடைக்கிறது கஷ்டம்.

ஏற்கனவே வேற மாநிலத்துலயோ நியூசிலாந்துலயோ ரெஜிஸ்டர் ஆகி அது நடப்புல இருந்தா உங்க பாதை முழுக்க வேற. ஒரு இடத்து ரெஜிஸ்ட்ரேஷனை இன்னொரு இடம் ஏத்துக்கிற மியூச்சுவல் ரெகக்னிஷன்னு சட்டம் இருக்கு, அதுல விண்ணப்பிச்சா போர்டு ஒரு மாசத்துக்குள்ள முடிவு சொல்லணும். நம்ம டிகிரியை மறுபடி அலச மாட்டாங்க. அப்படிப்பட்டவங்க கீழ இருக்கிற 4, 6 ரெண்டையும் தாண்டிப் போகலாம்.

4. ஊரை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி வாங்க வேண்டிய பேப்பர்

இந்தக் கட்டுரையில வேற எதைப் படிக்கலைன்னாலும் இதைப் படிங்க.

அ) கான்வகேஷன் சர்டிபிகேட். நம்மில் எத்தனையோ பேர் ப்ரொவிஷனல் சர்டிபிகேட்டோட நின்னுட்டோம், பட்டமளிப்பு விழாவுக்கு பணம் கட்டலை, வேலைக்கு அதுவே போதும்னு விட்டாச்சு. இங்க டிகிரி சர்டிபிகேட் கேப்பாங்க. யூ.ஜி., பி.எட்., இருந்தா பி.ஜி. எல்லாத்துக்கும். விழா முடிஞ்சு வருஷக்கணக்கானாலும் யூனிவர்சிட்டில விண்ணப்பிச்சு வாங்கலாம், ஆனா நேரம் எடுக்கும், அதனால இது லிஸ்ட்ல முதல் வேலை.

ஆ) ட்ரான்ஸ்கிரிப்ட். மார்க் ஷீட் வேற, ட்ரான்ஸ்கிரிப்ட் வேற. எந்தெந்த பாடம், எந்த வருஷம், என்ன மார்க், கோர்ஸ் எத்தனை வருஷம், எல்லாம் ஒரே ஆவணத்துல யூனிவர்சிட்டி சீலோட வரணும். பி.எட். விஷயத்துல ஒரு குழப்பம் இருக்கு. தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் வந்தது 2008ல. அதுக்கு முன்னாடி பி.எட். முடிச்சவங்களுக்கு சர்டிபிகேட் கொடுத்தது அந்தந்த வட்டாரப் பல்கலைக்கழகம், மதுரை காமராஜர், பாரதியார், சென்னைன்னு. அதனால உங்க பி.எட். மார்க் ஷீட் தலைப்புல எந்த யூனிவர்சிட்டி பேரு இருக்கோ அங்கதான் போகணும், காலேஜ் இப்ப எதோட சேர்ந்திருக்குன்னு பார்க்காதீங்க. ரெண்டு மூணு சீல் வச்ச கவர் சேர்த்தே வாங்கிடுங்க, ஒண்ணு எய்ட்சலுக்கு, ஒண்ணு போர்டுக்கு, ஒண்ணு கையில. அந்த கவரை நீங்க பிரிக்கவே கூடாது. இப்ப பல இடத்துல யூனிவர்சிட்டியே நேரா மெயில்ல அனுப்பணும்னும் கேக்குறாங்க, அதனால யூனிவர்சிட்டில எந்த செக்‌ஷன் ட்ரான்ஸ்கிரிப்ட் பார்க்குது, அதோட அதிகாரபூர்வ மெயில் ஐடி என்னன்னு அங்க போகும்போதே எழுதி வாங்கிட்டு வாங்க.

இ) டீச்சிங் ப்ராக்டிஸ் லெட்டர். எல்லாத்தையும் விட அதிகம் மாட்டுறது இதுலதான், ஏன்னா நம்ம ஊர்ல இப்படி ஒரு லெட்டர் வழக்கத்துலயே இல்ல. பி.எட். மார்க் ஷீட்ல டீச்சிங் காம்பிடன்சின்னு மார்க் மட்டும் இருக்கும், எத்தனை நாள், எந்த ஸ்கூல்ல, எந்த கிளாஸுக்குன்னு இருக்காது. அதைத்தான் அவங்க கேக்குறாங்க. காலேஜ் லெட்டர்ஹெட்ல இதெல்லாம் வரணும்: உங்க முழுப் பேரு, ரெஜிஸ்டர் நம்பர், எந்த தேதியிலருந்து எந்த தேதி வரை, மொத்தம் எத்தனை வேலை நாள், ஸ்கூல் பேரு, எந்த வகுப்புகள், எந்த பாடம், யார் மேற்பார்வை பண்ணினாங்க, பிரின்சிபால் கையெழுத்து, சீல், தேதி, காலேஜோட மெயில் ஐடி. "ஷி ஹேஸ் கம்ப்ளீட்டட் ஹெர் டீச்சிங் ப்ராக்டிஸ் சக்சஸ்ஃபுல்லி"ன்னு ஒரே வரியில கொடுத்தா அது எதுக்கும் ஆகாது. ரெண்டு வருஷ பி.எட்.ல 20 வாரம் இன்டர்ன்ஷிப் இருக்கு, அதனால நாள் கணக்கு சுலபமா வந்துடும். ஒரு வருஷ பி.எட். காரங்களுக்குத்தான் இது இழுபறி, 40 நாள்னு எழுதிக் கொடுத்துட்டா 45க்கு குறையும். அப்ஸர்வேஷன், மைக்ரோ டீச்சிங்குக்கு அப்புறம் ஸ்கூல்ல இருந்த நாள் எல்லாத்தையும் பழைய ரெக்கார்ட் நோட்டுலருந்து எடுத்து, உண்மையில நீங்க ஸ்கூல்ல இருந்த நாள் எத்தனைன்னு சரியா கணக்குப் போட்டு காலேஜ்கிட்ட காட்டுங்க. இல்லாத நாளைச் சேர்த்து எழுதச் சொல்லாதீங்க, போர்டு காலேஜுக்கே மெயில் போட்டுக் கேக்கும், பொய்ன்னு தெரிஞ்சா தகுதி இருந்தும் கதவு மூடிடும்.

காலேஜ் மூடிப் போயிருந்தா பயப்படாதீங்க, யூனிவர்சிட்டி ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல அந்த வருஷத்து சிலபஸ், ரெகுலேஷன் காப்பி சீல் வச்சு வாங்குங்க, அதுல பயிற்சி எத்தனை நாள்னு இருக்கும்.

எந்த காலேஜ்னு சொல்ல விரும்பலை, எனக்கு இந்த ஒரு லெட்டருக்குத்தான் ரொம்ப இழுத்தடிச்சாங்க. ஃபார்மட்டை நீங்களே டைப் பண்ணி எடுத்துட்டுப் போனா வேலை சீக்கிரம் நடக்கும், ஆபீஸ்ல இருக்கவங்களுக்கும் அது உதவி.

ஈ) சர்வீஸ் சர்டிபிகேட். வேலை பார்த்த ஒவ்வொரு ஸ்கூல்லருந்தும். சேர்ந்த தேதி, விலகின தேதி, முழு நேரமா பகுதி நேரமா, எந்த வகுப்பு, எந்த பாடம். தனியார் மெட்ரிக் ஸ்கூல்ல வேலையை விட்டு வரும்போது மனஸ்தாபத்தோட வந்திருந்தா இது கஷ்டம், சம்பள ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், பி.எஃப். பதிவு எல்லாம் துணைக்கு வச்சுக்கோங்க.

உ) வேற நாட்டுல டீச்சர் லைசென்ஸோ ரெஜிஸ்ட்ரேஷனோ வச்சிருந்தா அந்த அமைப்புலருந்து, உங்க மேல நடவடிக்கை எதுவும் இல்லைங்கிற லெட்டர். வளைகுடாவுல வேலை பார்த்துட்டு வர்றவங்க இதை மறந்துடுறாங்க.

5. பேரு: இனிஷியல்ல வர்ற தலைவலி

மார்க் ஷீட்ல "எஸ். கவிதா", பாஸ்போர்ட்ல "கவிதா சுப்ரமணியன்", கல்யாணத்துக்கு அப்புறம் புதுப்பிச்ச பாஸ்போர்ட்ல "கவிதா செந்தில்குமார்", சர்வீஸ் சர்டிபிகேட்ல "மிஸஸ் கே. செந்தில்". நமக்கு நாலும் ஒரே ஆள்னு பார்த்த உடனே தெரியும். இங்க உக்காந்து பார்க்கிறவங்களுக்கு நாலு பேரு.

இதுக்கு என்ன பண்ணணும்னா, கல்யாணத்தால மாறினதுக்கு பதிவு பண்ணின மேரேஜ் சர்டிபிகேட் வேணும், கோயில்ல கொடுத்த ரசீது, பத்திரிகை எல்லாம் செல்லாது. தமிழ்நாட்டுல 2009லருந்து கல்யாணப் பதிவு கட்டாயம், பண்ணாதவங்க கிளம்புறதுக்கு முன்னாடி பண்ணிடுங்க. எழுத்து மாறியிருந்தா, உதாரணமா ஒண்ணுல "லட்சுமி" இன்னொண்ணுல "லக்ஷ்மி", ரெண்டும் ஒருத்தரேன்னு நோட்டரி முன்னாடி அஃபிடவிட். பேரையே மாத்தியிருந்தா கெஸட் காப்பி. இனிஷியல் விரிவுக்கு, எஸ்ங்கிறது அப்பா பேரு சுப்ரமணியன், எங்க ஊர்ல குடும்பப் பேர் வழக்கம் கிடையாதுன்னு ஒரு ஸ்டாட்யூட்டரி டிக்ளரேஷன், அதாவது சட்டப்படியான உறுதிமொழிப் பத்திரம், இங்க வந்து எழுதி கையெழுத்துப் போட்டு வச்சா போதும். அதுல நீங்க பயன்படுத்தின எல்லா பேர் வடிவத்தையும் எழுதுங்க. விண்ணப்பத்துல "முன்பு பயன்படுத்திய பெயர்கள்"ங்கிற இடத்தை காலியா விடவே விடாதீங்க.

6. இங்கிலீஷ்

இங்கிலீஷ் மீடியத்துல படிச்சேன், இங்கிலீஷ்லயே பாடம் எடுத்தேன்னு சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. விலக்கு உள்ள நாடுகள் பட்டியல்ல, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா, கனடா மாதிரி, இந்தியா இல்ல.

அதனால ஐஇஎல்டிஎஸ்ங்கிற இங்கிலீஷ் டெஸ்ட் எழுதணும். ஜெனரல் இல்ல, அகடமிக். ரீடிங், ரைட்டிங் 7, லிஸனிங், ஸ்பீக்கிங் 8. இந்த எட்டுதான் எல்லாரையும் ஒரு ஆட்டு ஆட்டுது. நர்ஸுக்கு, இன்ஜினியருக்கு கேக்கிறதை விட அதிகம், ஆனா காரணம் நியாயமானது, கிளாஸ்ல பசங்க கடைசி பெஞ்சுலருந்து வேகமா முணுமுணுக்கிறதை நீங்க பிடிக்கணும். ரிசல்ட் 2 வருஷம்தான் செல்லும், அதனால மத்த பேப்பர் ஒண்ணும் கையில இல்லாம முதல்லயே எழுதிட்டு உக்காராதீங்க. ஊர்ல ஒரு தடவை எழுத ரூ.18,000 பக்கத்துல ஆகும், ரெண்டு தடவைக்கு பணம் ஒதுக்கி வைங்க.

இந்த நாலுல ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதுற வசதி இப்ப இருக்கு. அதை எழுதி பணத்தைக் கட்டுறதுக்கு முன்னாடி, அந்த ரிசல்ட்டை ஏத்துக்குவீங்களான்னு போர்டுக்கு மெயில் போட்டு பதிலை எழுத்துல வாங்குங்க. வேற டெஸ்ட் எழுத நினைச்சாலும் அப்படித்தான், கோச்சிங் சென்டர்ல சொல்றதை நம்பி போகாதீங்க.

ஸ்பீக்கிங் 8க்கு என் யோசனை, மனப்பாடம் பண்ணின பெரிய வார்த்தைய விட்டுட்டு தினமும் அரை மணி நேரம் யாரோடயாவது சாதாரண விஷயம் பேசுங்க. நம்ம டீச்சர்களுக்கு விளக்கிச் சொல்ற பழக்கம் ஏற்கனவே இருக்கு, அதை அப்படியே கொண்டுபோனா போதும்.

7. போலீஸ் செக், அப்புறம் "ஃபிட் அண்ட் ப்ராப்பர்"

ரெண்டு நாட்டு செக்கும் வேணும். ஆஸ்திரேலியாவுக்கு தேசிய போலீஸ் செக். இந்தியாவுக்கு பாஸ்போர்ட் சேவா மூலமா பிசிசி, அதாவது போலீஸ் க்ளியரன்ஸ் சர்டிபிகேட், ஊர்ல ரூ.500 கட்டணம். பாஸ்போர்ட்ல இருக்க விலாசமும் இப்ப குடியிருக்கிற விலாசமும் வேறன்னா போலீஸ் வெரிஃபிகேஷன் இழுக்கும். இங்க வந்துட்டீங்கன்னா இந்தியத் தூதரகத்துக்காக விண்ணப்பம் வாங்குற விஎஃப்எஸ் கம்பெனி மூலமா விண்ணப்பிக்கணும், செலவும் கூடும் நாளும் கூடும். ஆனா இதை ரொம்ப முன்கூட்டியே வாங்கி வச்சா பழசுன்னு திருப்பிக் கேப்பாங்க, எல்லா பேப்பரும் கைக்கு வந்தப்புறம் கடைசியா எடுங்க. வேற நாட்டுல வேலை பார்த்திருந்தா அந்த நாட்டு போலீஸ் சர்டிபிகேட்டும் வேணும், அதை அந்த நாட்டை விட்டுக் கிளம்பும்போதே வாங்குறது நல்லது.

விண்ணப்பத்துல உங்க மேல வழக்கு, கைது, வேலையில நடவடிக்கைன்னு ஏதாவது இருந்ததான்னு கேள்விகள் வரும். இங்க நம்ம ஆசிரியர்களுக்கு ஒரு தனிப் பிரச்சனை இருக்கு. 2019 ஜனவரி ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தத்துல கைதானவங்க, சஸ்பெண்ட் ஆனவங்க நிறைய. அப்புறம் எல்லாம் வாபஸ் ஆச்சே, அதை ஏன் சொல்லணும்னு தோணும். சொல்லுங்க. என்ன நடந்துச்சு, எப்ப, எப்படி முடிஞ்சுதுன்னு அரைப் பக்கம் எழுதி, வாபஸ் ஆன உத்தரவு காப்பியோட இணைங்க. சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் ஊர்வலம் போனது ஒரு விஷயமாவே தெரியாது, மறைச்சதுதான் விஷயமா ஆகும். நீங்க பசங்களோட இருக்க தகுதியான ஆளா, நேர்மையான ஆளாங்கிறதுதான் அவங்க கேள்வி, "ஃபிட் அண்ட் ப்ராப்பர்"னு சொல்றது இதைத்தான்.

8. காப்பிக்கு சான்று, மொழிபெயர்ப்பு

பச்சை இங்க்ல கெஸட்டட் ஆஃபீஸர் அட்டெஸ்ட் பண்ணினது இங்க புரியாது. ஊர்ல பண்றதா இருந்தா நோட்டரி, பேரும் பதவியும் நம்பரும் தெளிவா படிக்கிற மாதிரி. இங்க வந்து பண்றது எவ்வளவோ சுலபம், ஜே.பி.ன்னு சொல்ற ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் நிறைய லைப்ரரி, ஷாப்பிங் சென்டர்ல குறிப்பிட்ட நேரத்துக்கு உக்காருவாங்க, இலவசம். ஒரிஜினலையும் காப்பியையும் சேர்த்து எடுத்துட்டுப் போகணும், பின்பக்கத்துல எழுத்து இருந்தா அதையும் காப்பி எடுக்கணும், மார்க் ஷீட் பின்னாடி இருக்க கிரேடு விளக்கத்தை விட்டுட்டு திரும்பப் போனவங்க இருக்காங்க.

தமிழ்ல மட்டும் இருக்க ஆவணத்துக்கு நாட்டிங்கிற (NAATI) ஆஸ்திரேலிய அமைப்போட சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேணும், பக்கக் கணக்குல காசு. சொந்தக்காரர் மொழிபெயர்த்தது செல்லாது. லேமினேட் பண்ணின சர்டிபிகேட்டும் தகராறு, இனிமே எதையும் லேமினேட் பண்ணாதீங்க.

9. வரிசையும் செலவும்

என்னைக் கேட்டா இந்த வரிசை: கான்வகேஷன், ட்ரான்ஸ்கிரிப்ட், டீச்சிங் ப்ராக்டிஸ் லெட்டர் மூணுக்கும் ஒரே நேரத்துல விண்ணப்பம். அது ஓடிட்டிருக்கும்போது இங்கிலீஷ் படிப்பு. பேப்பர் கைக்கு வர ஆரம்பிச்சதும் இங்கிலீஷ் டெஸ்ட். அப்புறம் பேர் சம்பந்தப்பட்ட அஃபிடவிட். கடைசியா பிசிசி.

செலவுல நிறைய பேர் மறக்கிறது, போர்டுல விண்ணப்பக் கட்டணம் ஒண்ணு, வருஷா வருஷம் கட்டுற கட்டணம் ஒண்ணு, ரெண்டும் தனி. தொகை மாறிட்டே இருக்கும், விண்ணப்பிக்கிற அன்னைக்கு போர்டு வெப்சைட்ல பாருங்க, யாராவது முன்னாடி எழுதின தொகையை நம்பாதீங்க. போலீஸ் செக், மொழிபெயர்ப்பு, ஊர்லருந்து கூரியர் எல்லாம் மேல. ரசீது எல்லாம் எடுத்து வைங்க. முதல் தடவை ரெஜிஸ்டர் பண்ற செலவை வருமான வரியில கழிக்க முடியாது, ஆனா வேலையில சேர்ந்தப்புறம் அடுத்தடுத்து கட்டுற வருஷக் கட்டணத்தை கழிக்கலாம்.

10. அனுப்பினதுக்கு அப்புறம்

கூடுதல் விவரம் கேட்டு மெயில் வரும். வந்தா பதறாதீங்க, நிராகரிப்பு இல்ல அது. ஸ்பாம் ஃபோல்டரை தினம் பாருங்க, கெடு தேதிக்குள்ள ஊர்லருந்து பேப்பர் வராதுன்னு தெரிஞ்சா அன்னைக்கே பதில் எழுதி அவகாசம் கேளுங்க. கேட்டா பெரும்பாலும் கொடுப்பாங்க, பதிலே போடாம இருந்தாதான் ஃபைலை மூடுவாங்க. ஒவ்வொரு மெயில்லயும் உங்க விண்ணப்ப நம்பரைப் போடுங்க.

ஒருவேளை மறுத்துட்டா காரணத்தோட கடிதம் வரும், ஸ்டேட் அட்மினிஸ்ட்ரேட்டிவ் ட்ரிப்யூனல்ல மறுபரிசீலனை கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, கெடு கடிதத்துலயே இருக்கும். அதுக்கு முன்னாடி காரணத்தை நிதானமா படிங்க, பல நேரம் ஒரு லெட்டர் குறையிறதுதான் பிரச்சனையா இருக்கும், அதுக்கு திரும்ப விண்ணப்பிக்கிறதே மேல்.

காத்திருக்கிற நேரத்துல எஜுகேஷன் அசிஸ்டன்ட் வேலைக்கு முயற்சி பண்ணலாம், அதுக்கு டீச்சர் ரெஜிஸ்ட்ரேஷன் வேண்டாம். கிளாஸ் எப்படி நடக்குது, பசங்க எப்படி பேசுறாங்க, எல்லாம் உள்ள இருந்தே பார்க்கலாம். டீச்சரா இருந்துட்டு அசிஸ்டன்ட்டான்னு வீட்டுல யாராவது கேட்டா காதுல போட்டுக்காதீங்க.

ரெஜிஸ்ட்ரேஷன் வர்றதுக்கு முன்னாடி எந்த ஸ்கூல்லயாவது "சும்மா ரெண்டு நாள் வந்து கிளாஸ் எடுங்க"ன்னு கூப்பிட்டா போகாதீங்க. ரெஜிஸ்ட்ரேஷன் இல்லாம பாடம் எடுக்கிறது சட்டப்படி குற்றம், உங்களுக்கும் அவங்களுக்கும்.

11. கையில வந்தப்புறம்

போர்டோட பொதுப் பதிவேட்டுல உங்க பேரு வரும், எந்த பிரின்சிபாலும் ஆன்லைன்ல பார்த்துக்கலாம். பேர் எழுத்து சரியா இருக்கான்னு அன்னைக்கே பாருங்க.

வொர்க்கிங் வித் சில்ட்ரன் கார்டு, அதாவது பசங்களோட வேலை பார்க்கிறதுக்கான அனுமதிக் கார்டு, தனி. ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கிறதால இது வேண்டாம்னு நினைக்காதீங்க, விக்டோரியா, குயின்ஸ்லாந்து டீச்சர்களுக்கு அந்தச் சலுகை இருக்கு, இங்க இல்ல. இது 3 வருஷம் செல்லும், இங்க வேலை கொடுக்கிறவங்க சம்மதம் சேர்ந்துதான் விண்ணப்பம் போகும், அதனால வேலை உறுதியாகிறப்போ சேர்த்துப் பண்ணுங்க.

அரசுப் பள்ளி, கத்தோலிக்கப் பள்ளி, தனியார் இன்டிபென்டன்ட் பள்ளி, மூணுக்கும் தனித்தனியா விண்ணப்பிக்கணும். முதல்ல ரிலீஃப் டீச்சரா, அதாவது லீவ் போட்டவங்களுக்கு பதிலா நாள் கூலிக்குப் போறது, நல்ல ஆரம்பம், ரெண்டு ஸ்கூல்ல உங்க முகம் பழகிட்டா அவங்களே கூப்பிடுவாங்க.

பசங்களுக்கு பாலியல் கொடுமை நடக்குதுன்னு சந்தேகம் வந்தா புகார் செய்றது இங்க ஒவ்வொரு டீச்சரோட சட்டக் கடமை, 2009லருந்து. ஹெச்.எம்.கிட்ட சொல்லிட்டேன், அவங்க பார்த்துப்பாங்கன்னு விட முடியாது, எழுத்து மூலமா நீங்களே கொடுக்கணும். நம்ம ஊர் பழக்கத்துல குடும்ப விஷயம்னு ஒதுங்கிடக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதுக்கான பயிற்சியைக் கேட்டு வாங்குங்க.

வருஷக் கட்டணம் தேதியை போன்ல அலாரம் வைங்க, கட்டலைன்னா ரெஜிஸ்ட்ரேஷன் ரத்தாகிற அளவுக்குப் போகும். விலாசம், பேர், விசா எது மாறினாலும் போர்டுக்குத் தெரிவிக்கணும். ப்ரொவிஷனல் 3 வருஷம் ஓடுறதே தெரியாது, அதனால முதல் டெர்ம்லருந்தே லெசன் ப்ளான், பசங்க நோட்டுல நீங்க எழுதின குறிப்பு, பெற்றோர் மீட்டிங் குறிப்பு, சீனியர் டீச்சர் உங்க கிளாஸைப் பார்த்து எழுதினது, போன ட்ரெய்னிங் சர்டிபிகேட் எல்லாத்தையும் அந்த 7 ஸ்டாண்டர்ட் வாரியா ஃபோல்டர் போட்டு சேருங்க, பசங்க பேரை மறைச்சுட்டு. ஃபுல் கிடைச்சப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க 100 நாள் பாடம் எடுத்ததும் 100 மணி நேரப் பயிற்சியும் காட்டணும், ரிலீஃப்ல போற நாளும் இதுல சேரும், அதனால எந்த தேதி எந்த ஸ்கூல்னு ஒரு நோட்டுல எழுதிட்டே வாங்க.